சத்தம் வராத ஸ்டீரியோ

அத்தியாயம் ஐந்து

ஜெயஸ்ரீ வீட்டை விட்டுக் கிளம்பி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. அதில் இருபத்தாறு மணி நேரத்தில் பெரும்பகுதியை அவள் அப்பா ரத்தினம் கதவைச் சாத்திக்கொண்டு பூஜை அறையிலேயே கழித்துவிட்டார். மீதி நான்கை அவருடைய அண்ணன் கதிரேசன் தாம்பரம் ரயில் நிலையத்திலும், பஸ் நிறுத்தத்திலும், முடிச்சூர் சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு கார் ஸ்டீரியோ கடையின் வாசலிலும் செலவழித்திருந்தார். கையில் ஒன்றும் சிக்கவில்லை.

இப்போது புதன்கிழமை மாலை மணி நான்கு. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில், ஒரு புங்க மரத்தடியில், சில்வர் நிற மாருதி ஜென் பூட்டியபடி நின்றது. அந்தக் காரில்தான் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜெயஸ்ரீ கிளம்பினாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொடுக்கவிருந்த கார் அது. அதில் பாட்டுப் பெட்டி இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சிரித்தார்களாம். மறுநாளே சிடி பிளேயர் மாட்டிக்கொண்டு வா என்று ரத்தினம் மகளை அனுப்பினார். போனவள் திரும்பவில்லை. மாட்டுகிறவன் வினோத்குமாரையும் காணவில்லை. அவன் செல்போன் அணைந்து கிடந்தது.

கதிரேசனுக்கு அறுபத்தாறு வயது. ரயில்வே விஜிலன்ஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருஷமாக மேற்குத் தாம்பரத்தில் மாடியில் ஒரு அறை எடுத்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறார். ஊரார் வீட்டுப் பெண்கள் காணாமல் போனபோதெல்லாம் அவர் முதலில் கேட்ட கேள்வி, "போலீஸில் சொன்னீர்களா?" என்பதுதான். இன்று மதியம் தம்பி வந்து அழுதபோது, போலீஸ் வேண்டாம் என்று சொன்னவரும் அவரேதான்.

"ஏரியைப் பார்க்காதீங்க சார்," என்றாள் புஷ்பம். "அதுல முழங்கால் தண்ணிதான் கீது. எருமை படுத்தாலே முதுகு தெரியும்."

புஷ்பம் அவருடைய உதவியாளர். கானாத்தூர் மீனவக் குப்பத்துப் பெண். நாற்பது வயது. ஆம்னி வேன் ஓட்டுவாள், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வாள். கதிரேசன் ஏரியிலிருந்து கண்ணை எடுத்தார். அவள் கவனித்துவிட்டாள் என்பதே அவருக்கு உறுத்தியது.

ரத்தினம் வேனை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பேசினார். "இதுல பார்க்க என்ன இருக்கு அண்ணா? அவன்கூடப் போயிட்டா. வண்டியை இங்க விட்டுட்டு பஸ் ஏறியிருப்பாங்க. நம்ம தெரு எலியேசர் நேத்துப் பத்தரை மணிக்கு வண்டலூர் தாண்டி இதே மாதிரி வண்டியில ஒரு பையனும் பொண்ணும் போனதைப் பார்த்தாராம். மகாபலிபுரம் போய்த் தேடணும்."

"வண்டி நிற்கிறது இங்கே. நீ என்னை மகாபலிபுரம் போகச் சொல்கிறாய். மாற்றுச் சாவியைக் கொடு."

கதவைத் திறந்ததும் அடைபட்டிருந்த வெக்கை முகத்தில் அறைந்தது. புது பிளாஸ்டிக் வாசனை, அதோடு கருகிய ஈயத்தின் வாசனை. கதிரேசன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். புஷ்பம் மறுபக்கம் ஏறினாள்.

டாஷ்போர்டின் நடுவில் புது செட் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வர வேண்டிய பட்டைச் சட்டம் மாட்டப்படாமல் கியரின் மேல் கிடந்தது. திருகாணிகள் ஒரு காகிதப் பொட்டலத்தில். சீட்டில் கட்டிங் பிளேயர், கறுப்பு டேப். கதிரேசன் சாவியைத் திருப்பினார். செட்டில் நீல விளக்கு எரிந்தது. பாட்டு பட்டனை அழுத்தினார். எண்கள் ஓடின. சத்தம் வரவில்லை.

"ஸ்பீக்கருக்குப் போற ஒயரு நாலும் தொங்குது பாருங்கோ," என்றாள் புஷ்பம். "வேலை பாதிலயே நிக்குது. பொண்ணை இஸ்துகினு ஓடறவன் கட்டிங் பிளேயரை வுட்டுட்டுப் போவானா? பொண்டாட்டியை வுட்டாலும் வுடுவானுங்கோ, பிளேயரை வுட மாட்டானுங்கோ. அது அவனுக்குக் கை மாதிரி சார்."

கதிரேசன் நீல விளக்கின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சின்ன எழுத்தில் ஒரு கடிகாரம். காலை மணி 5:02.

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலை நான்கு பத்து.

"இது ஏன் தப்பாகக் காட்டுகிறது?"

"யாரும் இன்னும் மணி வெக்கல சார். புது செட்டுக்கு இன்னா தெரியும்? மஞ்ச ஒயருன்னு ஒண்ணு கீது. அது பேட்டரிலேர்ந்து நேரா வர்றது. அதைச் சேர்த்த நிமிசம் பன்னெண்டுன்னு ஆரம்பிச்சு ஓடிகினே இருக்கும். நம்ம ஆம்னில அந்த ஒயரு லூஸு. அதான் என் வண்டில எப்பப் பாத்தாலும் நடுராத்திரி."

கதிரேசனின் உதடு அசைந்தது. கணக்குப் போடும்போது அவர் சத்தமில்லாமல் எண்ணுவார்.

"பன்னிரண்டிலிருந்து ஐந்து மணி இரண்டு நிமிஷம். அப்படியானால் இன்று காலை பதினொன்று எட்டுக்குச் சேர்த்தது. அல்லது அதற்கு ஒரு நாள் முன்பு, நேற்று பதினொன்று எட்டுக்கு. இன்று காலை ஆறு மணிக்கே நடக்க வந்தவர்கள் இந்தக் காரை இங்கே பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ரத்தினம் இதன் எதிரிலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான். யாரும் கதவைத் திறக்கவில்லை. ஆக, நேற்று."

"பத்தரைக்கு வண்டலூர் தாண்டினவங்கோ பதினொண்ணு எட்டுக்கு ஒயரு சேத்துகினு இருந்தாங்களா?"

"எலியேசர் பார்த்தது வேறு ஏதோ வண்டி. ஊரில் ஒரு ஜென்தான் ஓடுகிறதா?" கதிரேசன் வெளியே மரத்தை அண்ணாந்து பார்த்தார். காரின் கூரை முழுவதும் புங்கம் பூ உதிர்ந்து காய்ந்து கிடந்தது. "கடை பத்து மணிக்கே பூட்டியிருந்தது என்று பக்கத்து டைலர் சொன்னார் அல்லவா? கடை ஆறடிக்கு ஆறடி. வாசலில் கார் நிறுத்த இடம் கிடையாது. அவன் செட்டைக் கடையில் விற்பான். மாட்டுவது இங்கே, நிழலில். தரையைப் பார், எத்தனை ஒயர்த் துண்டு. இவர்கள் ஓடிப்போவதற்காக இங்கே வரவில்லை, புஷ்பம். வேலைக்காகத்தான் வந்தார்கள். பதினொன்று எட்டு வரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு கணம் பெருமை வந்தது. தம்பி மகள் ஓடிப்போகவில்லை. அடுத்த கணமே அது போய்விட்டது. ஓடிப்போயிருந்தால் எங்கோ உயிரோடாவது இருப்பாள்.

புஷ்பம் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். ஒரு சின்னப் பொருளை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஆரஞ்சு நிறத்தில், பேனா மூடியைவிட மெலிந்த ஒரு பிளாஸ்டிக் மூடி.

"ஊசி மூடி," என்றார் கதிரேசன். அவர் முகம் இறுகியது. "போதை மருந்தா?"

"சே, வாயைக் கழுவுங்கோ." முதல் முறையாக அவள் குரலில் கிண்டல் இல்லை. "எங்க ஆத்தாக்கு தெனம் ரெண்டு வேளை நான்தான் போடறேன். இது சுகர் ஊசி. இன்சுலினு."

கதிரேசன் அந்த மூடியை எடுத்துக்கொண்டு வேனுக்கு நடந்தார். முதுகு வளையாமல், அவசரப்படாமல், ஆனால் கால் மண்ணில் இடறியது. ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

"ரத்தினம், இது யாருடையது?"

ரத்தினம் மூடியைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று.

"சொல்லு."

"ஒன்பது வயசிலேர்ந்து அண்ணா." கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "மாத்திரைக்குக் கேட்காத வகை. தினம் ஊசி. சேலையூர்ல ஒரு டாக்டர். இங்க தாம்பரத்துல காட்டினா தெரிஞ்சவங்க பார்ப்பாங்கன்னு..."

"பதினாலு வருஷமா என்கிட்ட சொல்லல."

"உங்ககிட்ட சொன்னா நீங்க மறைக்க மாட்டீங்க."

அது உண்மை. உண்மை என்பதால்தான் வலித்தது. மூன்று மாதத்துக்கு முன்பு மாப்பிள்ளையின் அப்பா ஸ்ரீரங்கன், "உங்க பரம்பரையில ஏதாவது வியாதி உண்டா?" என்று கேட்டபோது, குடும்பத்தின் மூத்தவராக நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவலிகூட வந்ததில்லை, என் வாக்கு," என்று சொன்னவர் கதிரேசன்தான். அறை ஓரத்தில் நின்று காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த ஜெயஸ்ரீயின் கை அப்போது நடுங்கியது. பெண் வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"கடைசியா எப்போ ஊசி போட்டா?"

"நேத்துக் காலை ஏழு மணிக்கு வீட்ல. பகல்ல தேவைப்பட்டாப் போட்டுக்கச் சின்ன ஊசி ஒண்ணு பையில வெச்சிருப்பா, அது சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மருந்து பாட்டில் எல்லாம் வீட்டு ஃபிரிட்ஜுலதான் இருக்கு."

"ஊசி போட்டுட்டு என்ன சாப்பிட்டா?"

ரத்தினம் தலையைக் குனிந்தார். "நேத்து ஆடிச் செவ்வாய். கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு அவ அம்மா விரதம் இருக்கச் சொன்னா. ஒண்ணும் சாப்பிடல."

"அடப்பாவிங்களா!" என்றாள் பின்னால் வந்து நின்ற புஷ்பம். "ஊசியும் போட்டு வயித்தையும் காயப்போட்டா அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு ஆவும்? இந்த வெயில்ல இந்த இரும்புப் பொட்டிக்குள்ள ஒக்காந்துகினு! மயங்கி வுழுந்திருக்கும் சார். அதான் வேலை பாதில நின்னுச்சு."

"விழுந்தவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் எழுந்துவிடுவாள் இல்லையா?"

"ஏய்ந்துரும். ஆனா அதுக்கப்பறம் மறுபடி ஊசி வேணும் சார். சின்ன வயசுலேர்ந்து ஊசில இருக்கறவங்கோ ஒரு நாளைக்கு மேல அது இல்லாம தாங்க மாட்டாங்கோ. ரத்தமே வெசமாப் பூடும்னு எங்க ஆத்தாவோட டாக்டரு சொல்லுவாரு." அவள் விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தி மூணு மணி நேரம் ஆச்சு."

ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் தூரத்தில் கேட்டது.

கதிரேசன் திரும்பிக் காருக்கு ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஓடிப் புஷ்பம் பார்த்ததில்லை. முன்பக்கக் கால்விரிப்பைத் தூக்கினார். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினார். மரப்பிடி போட்ட ஒரு சின்னச் சூட்டுக்கோல் கிடைத்தது. ஈயம் பற்றவைக்கிற கோல். அதன் வாலில் ஒயர். ஒயரின் நுனியில் இரண்டு பின் கொண்ட பிளக்.

"புஷ்பம், ஒயரையெல்லாம் இவன் சும்மா முறுக்கி டேப் சுற்றவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறான். பார், பளபளவென்று இருக்கிறது."

"நல்ல தொழில்காரன் சார். மத்தவனுங்கோ பல்லாலேயே ஒயரைக் கடிச்சு முறுக்கிட்டுப் பூடுவானுங்கோ."

"அது இல்லை. இந்தக் கோல் கார் பேட்டரியில் சூடாகாது. இது வீட்டுக் கரண்ட். ஏரிக்கரையில், மரத்தடியில், வீட்டுக் கரண்ட் எங்கிருந்து வந்தது?"

புஷ்பம் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். அடுத்த நொடி இருவரும் மரத்தைச் சுற்றினார்கள். சாலைக்குத் தெரியாத பக்கத்தில், ஆள் உயரத்தில் ஒரு ஆணி. ஆணியில் பால் கவர் கட்டிய ஒரு பிளக் பாயின்ட். மழை படாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய கறுப்பு ஒயர் மரத்தில் ஏறி, பக்கத்து முருங்கைக்குத் தாவி, ஒரு ஹாலோ பிளாக் சுவரின் மேல் படுத்துக்கொண்டு போனது.

"இது போற எடம் அவன் வூடு," என்றாள் புஷ்பம். "ஊரான் வூட்டுக் கரண்டை எவன் தெனம் இஸ்துக்க வுடுவான்?"

ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ரத்தினமும் வேனிலிருந்து இறங்கிப் பின்னால் வந்தார். சுவர் முடிந்த இடத்தில் ஒயர் ஒரு கொய்யா மரத்தைத் தொட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வீட்டின் பின்ஜன்னலுக்குள் நுழைந்தது. காரிலிருந்து அந்த ஜன்னலுக்கு நூறு அடிகூட இல்லை. காலையில் ரத்தினம் ஒரு மணி நேரம் காருக்கு எதிரில் நின்றபோது, ஒரு கதவையாவது தட்டி "என் மகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அந்த வீட்டுப் பழக்கம் இல்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதிரேசன் தட்டினார்.

"யாரு?" உள்ளிருந்து ஒரு வயதான பெண் குரல்.

"வினோத்குமார் வீடு இதுதானே?"

"அவன் இல்ல. நாவலூர்ல அவன் அக்கா வூட்டுக்குப் பூட்டான். எப்ப வருவான்னு தெரியாது. போங்கோ."

"அம்மா, ஜெயஸ்ரீ இங்கே இருக்கிறாளா? நான் அவள் பெரியப்பா."

உள்ளே தாழ்ப்பாள் இன்னும் ஒரு முறை அழுத்தப்படும் சத்தம் கேட்டது.

"பெரியப்பனா? வெட்றதுக்கு வந்தீங்களா? எத்தினி பேர் வந்துகிறீங்க? நான் கூவுவேன், தெருவே வரும்!"

கதிரேசன் வாழ்நாளில் மூடிய கதவுக்கு முன் கெஞ்சியதில்லை. சந்தேக நபர்களின் கதவை உதைத்துத் திறந்திருக்கிறார். இன்று கதவின் மரத்தில் நெற்றியை வைத்தார்.

"தாயே, உங்கள் காலில் விழுகிறேன். அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போடாவிட்டால் செத்துப்போவாள்."

தாழ்ப்பாள் விலகியது. அறுபது வயதுப் பெண் ஒருத்தி, கண் விரிந்து நின்றாள். வினோத்குமாரின் அம்மா அஞ்சம்மாள்.

"சக்கரையா? அய்யோ சாமி, அது ஒண்ணும் சொல்லலியே! காத்தாலேர்ந்து வாந்தி எடுத்துகினே கீது. வெயிலு பட்டுக்குச்சுன்னு நான் மூணு தபா குளுகோஸு கரைச்சுக் குட்தேனே!"

புஷ்பம் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாயில் ஜெயஸ்ரீ சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. ஓடி வந்தவளைப் போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை.

"இந்த வாசனை எனக்குத் தெரியும் சார்," என்றாள் புஷ்பம். "நிக்க நேரமில்ல. நான் வண்டியை முன்பக்கச் சந்துக்குக் கொண்டாறேன்." ஓடினாள்.

கதிரேசன் மண்டியிட்டார். "ஜெயா. அம்மா ஜெயா. ஏம்மா இவங்ககிட்ட சொல்லல?"

பெண் கண்ணைத் திறந்தாள். "கற்பூரத்துல அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் பெரியப்பா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு."

"சாகக் கிடக்கும்போதுகூடவா?"

அவள் பார்வை அவர் தோளைத் தாண்டிக் கதவுக்குப் போயிற்று. அங்கே ரத்தினம் நின்றார். பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வீட்டுக்குத் தகவல் ஏன் சொல்லல?" என்றார் ரத்தினம். அஞ்சம்மாளைப் பார்த்துத்தான் கேட்டார், அதிகாரமாக.

அஞ்சம்மாள் அந்தக் குரலைக் கேட்டதும் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் குரலுதான்," என்றாள் மெதுவாக. "சொல்லலியா? நேத்து ரெண்டு மணிக்கு, பொண்ணு மயக்கம் தெளிஞ்சு ஒக்காந்ததும், எம்புள்ள அதுகிட்ட நம்பரு கேட்டு இங்கேர்ந்துதானேய்யா போன் போட்டான்? 'சார், ஸ்டீரியோ மாட்டற வினோத்து பேசறேன், உங்க பொண்ணு எங்க வூட்லதான் கீது'ன்னான். மேல பேச வுட்டியா நீ? 'எனக்குப் பொண்ணே இல்ல, இன்னொரு தபா பண்ணா கையை ஒடச்சி உள்ள தள்ளுவேன்'னு கத்துன. அந்தச் சத்தம் இந்த வூடு பூரா கேட்டுச்சு. இந்தப் பொண்ணும் கேட்டுச்சு. அப்பறம் நாலு தபா அடிச்சோம், லைனே போவல. எம்புள்ள பயந்து பூட்டான். நாந்தான் அவனைப் போயிடுடான்னேன். இது, 'நான் எங்கம்மா போவேன்'னு கேட்டுச்சு. எங்க போவச் சொல்றது?"

கதிரேசன் மெல்ல எழுந்தார். தம்பியைப் பார்த்தார்.

"லைன் ரிப்பேர் என்று சொன்னாயே?"

"நான்தான் ஒயரைப் பிடுங்கிட்டேன்," என்றார் ரத்தினம். "மறுபடி அடிச்சு, அக்கம்பக்கம் யார் காதுலயாவது விழுந்தா..."

"நேத்து ரெண்டு மணிக்கு இவள் இருக்கிற இடம் உன் காதுக்கு வந்துவிட்டது. நீ கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி. எங்கே?"

அடிக்க ஓங்கிய கையைக் கதிரேசன் தானே பிடித்துக்கொண்டார். அடிக்கும் தகுதி அவருக்கும் இல்லை. இந்தத் தம்பியை இப்படி வளர்த்தவர் அவர். குடும்பத்தின் பேச்சு வாசற்படி தாண்டக்கூடாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்.

"காலைப் பிடி," என்றார். "தூக்கு."

இருவருமாகப் பெண்ணைத் தூக்கி வந்து ஆம்னியின் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். புஷ்பம் வண்டியைத் திருப்பினாள். பத்து அடி போனதும் பிரேக் போட்டாள்.

சந்தின் வாயை ஒரு தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டு நின்றது. வாலில் குழாய் மாட்டியாயிற்று. முப்பது பெண்கள், நூறு குடங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் சந்தின் இரு பக்கமும் வரிசை கட்டியிருந்தன. பின்பக்கம் ஏரிக்கரைச் சுவர். வேறு வழி கிடையாது.

புஷ்பம் ஹாரனை அடித்தாள். ஒருத்தரும் திரும்பவில்லை.

"லாரியை எடுப்பா!"

"குழாய் வுட்டாச்சு. அரை மணி நேரம் ஆவும்," என்றார் லாரிக்காரர்.

"நாலு நாளா தண்ணி இல்லாம கெடக்கறோம், காரு போவணுமாம் காரு!" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "நீ எறங்கி நடந்து போம்மா மகாராணி!"

கதிரேசன் கதவைத் திறக்கக் கை வைத்தார். அதற்கு முன் ரத்தினம் இறங்கிவிட்டார். லாரிக்காரரிடம் போய்க் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

"சத்தமா சொல்லு சார், மோட்டார் ஓடுது."

"உடம்பு சரியில்லை. அவசரம்."

"யாருக்கு? இன்னா ஒடம்புக்கு?"

ரத்தினம் திரும்பிப் பார்த்தார். முப்பது முகங்கள். இந்தத் தாம்பரத்தில் எந்த வீட்டுப் பேச்சு எந்த வீட்டுக்கு எத்தனை நேரத்தில் போகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு லாரியின் படியில் ஏறி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"என் பொண்ணுக்கு சர்க்கரை வியாதி!" என்று கத்தினார். குரல் இரண்டாகப் பிளந்தது. "சின்ன வயசிலேர்ந்து! ரெண்டு நாளா ஊசி போடல! செத்துடுவா! நான்தான் காரணம், நான்தான் மறைச்சேன்! வழி விடுங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்!"

அடுத்த நொடி முன்வரிசைப் பெண், சற்று முன் திட்டியவளே, குடத்தைக் காலால் ஒதுக்கினாள். "அட, நவுத்துங்கடி! பொண்ணு சாவக் கெடக்குதாம்!" குடங்கள் கைமாறிச் சுவரோரம் போயின. லாரிக்காரர் குழாயை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மஞ்சள் குடம் வைத்திருந்த ஒருத்தி வேனின் ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"எந்த ஊசி? இன்சுலினா? எங்க வூட்டுக்காரருக்கு ஜி.எச்.ல குடுப்பாங்கோ. பிரிட்ஜு கெடையாது, ஈர மண் பானைல வெச்சிகிறேன். இந்தா, இந்த வூடுதான், எடுத்தாரேன்!" பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். உறை பிரிக்காத ஊசியோடு, தண்ணீர் சொட்டும் சின்னப் பாட்டிலோடு திரும்பினாள்.

கதிரேசன் அதற்குள் ரத்தினத்தின் செல்போனிலிருந்து சேலையூர் டாக்டரைப் பிடித்திருந்தார். டாக்டர் பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். தாம்பரம் போக்குவரத்தில் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். பிறகு, "கொஞ்சம் இப்பவே போட்டுடலாம். நான் கிளினிக்ல இல்ல, அவ ஃபைல் என்கிட்ட இல்ல. வழக்கமா எத்தனை யூனிட் போடறா?" என்றார்.

கதிரேசன் தம்பியைப் பார்த்தார்.

ரத்தினம் கையை விரித்தார். பதினாலு வருஷம் அந்த நோயை யாருக்கும் தெரியாமல் காத்தவர். ஊசியின் அளவு அவருக்குத் தெரியாது. அதெல்லாம் அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொள்கிற விஷயம். வீட்டுக்குப் போன் செய்து கேட்கலாம் என்றால், அந்த ஒயரைப் பிடுங்கியவர் அவர்தான்.

"சொல்லுங்க, எத்தனை?" என்றது போன்.

ஜன்னல்களில் பெண்களின் முகங்கள் நிறைந்திருந்தன. புஷ்பம் ஊசியைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜெயஸ்ரீ கண்ணைத் திறந்தாள். அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாக, லாரிப் படியிலிருந்து இறங்கி ஜன்னலருகே வந்து நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

அவள் முழங்கையை ஊன்றி எழ முயன்றாள். கதிரேசன் தாங்கிக்கொண்டார்.

"காலையில பதினாறு," என்றாள். மூச்சு வாங்கியது. எச்சில் விழுங்கிவிட்டு, சந்தின் கோடி வரைக்கும் கேட்கும்படி, இன்னும் உரக்கச் சொன்னாள். "ராத்திரி பத்து."